கலர் கோழிக்குஞ்சு ஏன் மூன்றாம் நாள் செத்துப்போகிறது?

பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் பூசிய கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்துச் சைக்கிளில் கொண்டுவருவார்கள். பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து வாசலில் நிற்பார்கள். எங்கள் தலைமுறையில் அடம்பிடித்து ஒன்றாவது வாங்காத பிள்ளை குறைவு. அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, ஒரு பிடி அரிசி தூவி, டப்பா மூடியில் தண்ணீர் வைத்துவிட்டுத் தூங்கப் போவோம். முதல் நாள் ஓடும். இரண்டாம் நாள் ஓயாமல் கத்தும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காலையில் பார்த்தால் விறைத்துக் கிடக்கும். "வியாதிக் குஞ்சைத் தலையில கட்டிட்டுப் போயிட்டான்" என்பார் அப்பா.

வியாதியும் இருந்திருக்கலாம். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு.

கோழி முட்டை பொரிய 21 நாள். கடைசி ஓரிரு நாளில், ஓட்டுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தொப்புள் வழியாகத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. வெளியே வந்தபின் இரண்டு மூன்று நாளைக்கு அதுதான் அதன் கட்டுச்சோறு. தாய்க்கோழி முதல் குஞ்சு பொரிந்ததும் எழுந்து போய்விட முடியாது அல்லவா? மற்ற முட்டைகளும் பொரியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை முதலில் வந்தது தாக்குப்பிடிக்க இந்த ஏற்பாடு. குஞ்சுப் பொரிப்பகக்காரர்களின் தொழிலே இதை நம்பித்தான் ஓடுகிறது. காலையில் நாமக்கல் பக்கம் பொரிந்த குஞ்சு, தீனியும் தண்ணீரும் இல்லாமல் ஓட்டை போட்ட பெட்டியில் பயணம் செய்து மறுநாள் எங்கோ உயிரோடு இறங்குகிறது.

நம் பெட்டியில் இருந்த குஞ்சும் அரிசி தின்று வாழ்ந்ததாக நினைத்துக்கொண்டோம். அது தின்னவே இல்லை. முழு அரிசி அந்த வயதுக்கு ஒத்துவராத தீனி. அதைவிட முக்கியம், குளிரில் இருக்கும் குஞ்சு இரை தேடாது. உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்று கத்தும், அவ்வளவுதான். கட்டுச்சோறு தீர்ந்த அன்று அதன் கதையும் முடிந்தது.

(அந்தக் குஞ்சுகள் யார் தெரியுமா? பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள். பொரிப்பகத்தில் முதல் நாளே பெட்டை வேறு, சேவல் வேறு என்று பிரித்துவிடுவார்கள். இந்தச் சேவல் முட்டையும் இடாது, கறிக்கோழி போலச் சீக்கிரம் சதையும் போடாது. வேண்டாதவை சாயத்தில் முங்கித் தெருவுக்கு வருகின்றன. நிறம் இறகு முளைக்கும்வரைதான்.)

ஆக, குஞ்சு வளர்ப்பு என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: தாய்க்கோழி என்ன செய்கிறது? சூடு கொடுக்கிறது. மண்ணைக் கொத்திக் காட்டி, குரல் கொடுத்து, இதுதான் இரை என்று சொல்லித்தருகிறது. பருந்து நிழல் விழுந்தால் சிறகுக்குள் இழுத்துக்கொள்கிறது. தாய் இல்லாத குஞ்சை வாங்கினால் இந்த வேலைகள் எல்லாம் நம்முடையவை. அதில் முக்கால்வாசி சூடுதான்.

குண்டு பல்பு

கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். அடைக்கு உட்காரும் கோழியின் வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். குஞ்சுக்குக் கிடைப்பது அந்தத் தோலின் நேரடிச் சூடு. குஞ்சின் மேல் இருப்பது வெறும் பூம்பஞ்சு. இறகு முளைத்து, தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள மூன்று வாரத்துக்கு மேல் ஆகும்.

அதனால் முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 35 டிகிரி இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். சித்திரை வெயிலில் நம் ஊர்ப் பகல் தானாகவே இந்தச் சூட்டைத் தந்துவிடும், பல்பு ராத்திரிக்கு மட்டும் போதும். மார்கழியில் நாள் முழுக்க எரிய வேண்டும். முதல்முறை வளர்ப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்து, தை முடிந்து மாசியில் தொடங்குவது நல்லது என்பேன். குளிரும் குறைந்திருக்கும், கத்திரியும் வந்திருக்காது.

பண்ணைக் கணக்கு குஞ்சுக்கு 2 வாட். வீட்டில் 15 குஞ்சுக்கு 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில். 'குண்டு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதல்முறை நான் கடையில் "ஒரு பல்பு குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்து மாட்டினேன். வெளிச்சம் பிரமாதம். குஞ்சுகள் மட்டும் அதன் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே உருண்டையாக நின்று கத்தின. பசி என்று நினைத்து இன்னும் தீனி போட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு எதற்கோ பல்புக்குக் கீழே கையை நீட்டியபோதுதான் உறைத்தது. அது எல்இடி. சூடே இல்லை. விடிவதற்குள் அடியில் சிக்கிய இரண்டு மூச்சு முட்டிச் செத்துப்போயின.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும். வளர்ப்புக் கூட்டை மூலை இல்லாமல் வட்டமாக வைக்கச் சொல்வது இதனால்தான். குளிரோ பயமோ வந்தால் குஞ்சுகள் மூலையில் போய்க் குவியும், அடியில் இருப்பது நசுங்கும். தகரமோ கெட்டி அட்டையோ ஒன்றரை அடி உயரத்துக்கு வளைத்து, மூன்றடி அகலத்தில் ஒரு வட்டம் கட்டினால் 15 குஞ்சுக்கு முதல் பத்து நாள் தாராளம். சதுரப் பெட்டிதான் இருக்கிறதா? நான்கு மூலையிலும் அட்டையை வளைத்துச் சொருகிவிடுங்கள்.

வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும். ஐந்து நிமிடம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பல்புக்கு நேர் கீழே நெருக்கியடித்துக்கொண்டு, கீச்சுக் குரலில் விடாமல் கத்தினால் குளிர். பல்பை இறக்குங்கள். வட்டத்தின் ஓரத்துக்கே போய், வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகைத் தொங்கப்போட்டால் சூடு அதிகம், ஏற்றுங்கள். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று அர்த்தம், ஒரு சாக்கைக் கட்டி மறையுங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பரவி, சில தின்று, சில காலை நீட்டிப் படுத்து, நடுநடுவே தாழ்ந்த குரலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தால் நீங்கள் தூங்கப் போகலாம். சந்தேகம் இருந்தால் ஒன்றை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வையுங்கள். ஜில்லென்று இருந்தால் கூட்டில் சூடு பற்றவில்லை.

பல்பை ஒயரிலேயே தொங்கவிடாதீர்கள். உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும். கம்பியிலோ சங்கிலியிலோ தனியாகக் கட்டுங்கள். கரண்ட் போனால்? சில்வர் சொம்பில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, துணி சுற்றிக் கூட்டுக்குள் வையுங்கள். இரண்டு மணி நேரம் தாங்கும்.

எங்கே, எதை வாங்குவது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் விளம்பரம் அதிகம். நாட்டுக்கோழி என்ற பெயரில் விற்பவை எல்லாம் நாட்டுக்கோழி இல்லை. சிறுவிடை, பெருவிடை என்று ஊருக்குள் சொல்வதுதான் நம்முடையது. சிறுவிடை சிறிய உடம்பு, முட்டை குறைவு, ஆனால் அடை உட்கார்ந்து குஞ்சுகளைக் காப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஐதராபாத்திலிருந்து வந்த வனராஜா, கிராமப்பிரியா, நம் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி, நாமக்கல் கோழி-1 போன்றவை புறக்கடைக்கென்றே மேம்படுத்தப்பட்டவை. முட்டையும் எடையும் கூடுதல். பதிலுக்கு, இவற்றில் பல அடைக்கு உட்காருவதில்லை. வருடாவருடம் குஞ்சு வாங்கிக்கொண்டே இருக்க முடியாது என்பவர்களுக்குச் சிறுவிடைதான் சரி.

ஒருநாள் குஞ்சா, ஒருமாதக் குஞ்சா? ஒருமாதக் குஞ்சு விலை கூட. ஆனால் பல்பு வேலையும் முதல் தடுப்பூசிகளும் முடிந்திருக்கும். இரவில் இரண்டு முறை எழுந்திருக்க வீட்டில் ஆள் இல்லையென்றால் அதையே வாங்குங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஒருநாள் குஞ்சு வாங்கினால் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். தொப்புள் மூடி உலர்ந்திருக்க வேண்டும். கறுத்த புண்ணோ ஈரமோ இருந்தால் வேண்டாம். ஆசனவாயில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. மல்லாத்திப் போட்டால் சட்டென்று எழ வேண்டும். என்றைக்குப் பொரிந்தது, மாரெக்ஸ் என்ற வைரஸ் நோய்க்கான ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். அது பொரிப்பகத்திலேயே முதல் நாள் போட வேண்டிய ஊசி, அதற்குப் பிறகு வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். ஒற்றைக் குஞ்சு வாங்காதீர்கள். கூட்டத்தில் வாழும் ஜீவன், தனியாக விட்டால் கத்தியே தேய்ந்துவிடும். குறைந்தது ஆறு குஞ்சு வேண்டும்.

வீட்டில் அடை உட்கார்ந்த கோழி இருந்தால் இன்னொரு வழி உண்டு. இரண்டு வாரமாவது அடையிலிருக்கும் கோழியின் கீழே, இருட்டியபின் முட்டைகளை எடுத்துவிட்டு ஒருநாள் குஞ்சுகளை ஒவ்வொன்றாக நுழைத்துவிடுவார்கள். பெரும்பாலும் விடிந்ததும் தன் குஞ்சென்றே கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். சில கோழி கொத்தும், அதனால் காலையில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஒத்துக்கொண்டால் மேலே சொன்ன பல்பு புராணம் எதுவும் தேவையில்லை. என் அம்மாச்சி அடை வைக்கும் கூடையில் மணலுக்கடியில் இரும்பு ஆணியும் கரித்துண்டும் வரமிளகாயும் போட்டு வைப்பார், இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகாமலிருக்க. ஆணி வேலை செய்ததோ இல்லையோ, கோழி வேலை செய்தது.

முதல் தண்ணீர், முதல் இரை

குஞ்சு வீட்டுக்கு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே பல்பைப் போட்டுக் கூட்டைச் சூடாக்கி வைத்துவிட வேண்டும். கீழே இரண்டு அங்குலத்துக்கு நெல் உமி. முதல் மூன்று நாள் அதன்மேல் கோணிச்சாக்கு விரியுங்கள், இல்லையென்றால் உமியையே தீனி என்று தின்னும். பலர் செய்தித்தாள் விரிக்கிறார்கள். அது வழுக்கும். முதல் நாட்களில் வழுக்கும் தரையில் நின்றால் கால் இரண்டு பக்கமும் அகன்றுபோய்க் குஞ்சு முடமாகிவிடும்.

வந்ததும் முதலில் தண்ணீர்தான், தீனி அப்புறம். ஒரு லிட்டர் தண்ணீரில் நாலைந்து ஸ்பூன் சர்க்கரையோ வெல்லமோ கரைத்து, லேசாகச் சூடாக்கி வையுங்கள். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகு நுனியை ஒருமுறை தண்ணீரில் தொட்டு விடுங்கள். அண்ணாந்து விழுங்கும், உடனே தானே குனிந்து குடிக்கும். இரண்டு குஞ்சு குடித்தால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். சர்க்கரைத் தண்ணீர் முதல் நாளோடு சரி. கிண்ணத்தில் வைப்பதானால் கூழாங்கல் நிரப்புங்கள். அரை அங்குலத் தண்ணீரில் விழுந்து நனைந்தாலே குளிரில் போய்விடும்.

இரண்டு மணி நேரம் கழித்து, மக்காச்சோளக் குருணையையோ நொய்யையோ சாக்கின் மேல் தூவி, ஆள்காட்டி விரல் நகத்தால் 'டொக் டொக்' என்று தட்டுங்கள். தாய்க்கோழி அலகால் செய்யும் அதே வேலை. குஞ்சுகள் தலையைச் சாய்த்துப் பார்த்து, ஓடிவந்து உங்கள் நகத்தையே கொத்தும். அப்புறம் நகத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் நொய்யைக் கொத்தும். வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடலாம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்ற நிபந்தனையோடு. பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குஞ்சின் எச்சத்தில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம், முத்தம் கொடுப்பதெல்லாம் வேண்டாம்.

அன்று இரவு கழுத்தடியில் வலப்பக்கம் தொட்டுப் பாருங்கள். இரைப்பை மெத்தென்று புடைத்திருந்தால் தின்றிருக்கிறது. ஒட்டிக் கிடக்கும் குஞ்சை மறுபடி தண்ணீருக்கும் தீனிக்கும் கொண்டுபோய் விடுங்கள்.

மறுநாளிலிருந்து குஞ்சுத் தீவனம். கடையில் 'சிக் ஸ்டார்ட்டர்' என்று கேட்டால் தருவார்கள். 20 சதவீதம் புரதம் இருக்கும். வெறும் நொய்யும் சோறும் போட்டு வளர்த்தால் வயிறு மட்டும் தொங்கும், இறகு முளைக்காது. மலிவாகக் கிடைக்கிறதே என்று முட்டைக்கோழித் தீவனத்தை வாங்கிப் போடாதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எட்டு வாரத்துக்குள் ஒரு குஞ்சு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ தின்னும்.

மூன்றாவது வாரத்திலிருந்து கரையான் கொடுத்துப் பாருங்கள். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, வீட்டைவிட்டுத் தள்ளிக் கரையான் புற்று இருக்கும் மண்ணில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் எடுத்தால் பானைக்குள் வெள்ளையாக நெளியும். அப்படியே தட்டினால் போதும், பத்துப் பதினைந்து குஞ்சுக்குத் தாராளமான புரதம், காசில்லாமல். கரையான் மருந்து அடித்த இடத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

வெள்ளைக் கழிச்சல்

நன்றாக வளர்ந்த குஞ்சுகள் ஒரு வாரத்தில் மொத்தமாகக் காலியாகிவிட்டன என்று யாராவது சொன்னால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் போக வேண்டும். வெள்ளைக் கழிச்சலுக்கு ராணிக்கெட் நோய் என்ற பெயர், 1927-இல் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட் என்ற ஊரில் இது கண்டறியப்பட்டதால் வந்தது. வைரஸ் நோய், வந்தபின் மருந்தில்லை. வராமல் தடுக்க முதல் வாரத்தில், ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள், கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு தடுப்பு மருந்து. நான்காவது வாரம் லசோட்டா என்று இன்னொரு சொட்டு. எட்டு வாரம் தாண்டியதும் ஊசி. நடுவில் இரண்டாவது வாரம் கம்போரோ என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும், ஆறாவது வாரவாக்கில் அம்மைக்கும் உண்டு.

இதில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு சிக்கல். மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 குஞ்சுக்கானது. ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும், கலந்தால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். 15 குஞ்சு வைத்திருப்பவர் மிச்சத்தை என்ன செய்வது? தெருவில் கோழி வைத்திருக்கும் நாலு வீட்டைச் சேர்த்துக்கொள்வதுதான் வழி. அரசு கால்நடை மருந்தகத்திலும் கேளுங்கள். பிப்ரவரியில் ஊர் ஊராகக் கோழிக்கழிச்சல் முகாமும் நடத்துவார்கள், ஆனால் அது வளர்ந்த கோழிக்கான ஊசி.

மூன்று வாரத்துக்குமேல் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக் கழிச்சல். காரணம் பெரும்பாலும் ஈர உமி. தண்ணீர்க் குடுவையைச் சுற்றி நனைந்த உமியைத் தினமும் அள்ளி எறிந்து புது உமி போட்டாலே பாதிப் பிரச்சினை வராது. வந்துவிட்டால் மருந்து உண்டு, கால்நடை மருத்துவரிடம் போங்கள். கடைக்காரர் சொன்னார் என்று முதல் நாளிலிருந்தே தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. முதல் வாரத்தில் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொள்வதைப் பார்ப்பீர்கள். வெந்நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள். பிய்த்து இழுத்தால் தோலோடு வரும்.

வெளியே விடும் நாள்

நாலாவது வாரம் சிறகில் இறகு முளைத்து, குஞ்சுகள் அட்டை விளிம்பில் ஏறி உட்காரத் தொடங்கும். பல்பை அணைத்தும் ராத்திரி அமைதியாகத் தூங்கினால் பல்பின் வேலை முடிந்தது. அப்போது ஒரு குஞ்சுக்கு ஒரு சதுர அடியாவது இடம் வேண்டும். நெருக்கினால் ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கும். ஒரு முருங்கைக் கொத்தைத் தொங்கவிட்டால் கவனம் அங்கே போகும்.

பகலில் முதல் சில நாள் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் விடுங்கள். எங்கள் பக்கம் கொடாப்பு என்போம். வெயிலும் மண்ணும் பழகட்டும். பஞ்சாரம் பருந்துக்கும் காகத்துக்கும் போதும். இரவில் போதாது. பூனை, கீரி, பெருச்சாளி எல்லாம் வரும். எனக்கு ஒருமுறை மூன்று குஞ்சை எடுத்துப்போன பெருச்சாளி, கூட்டின் வலையைக் கடிக்கவில்லை. அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் தரைக்கும் கம்பிவலை போட்டேன்.

ஆறு, ஏழு வாரத்தில் கொண்டை பார்த்து ஓரளவு கண்டுபிடிக்கலாம், சேவலுக்குச் சீக்கிரம் சிவந்து பெரிதாகும். பிரிக்காத குஞ்சு வாங்கினால் ஏறக்குறைய பாதி சேவல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டை முட்டையிட ஐந்தாறு மாதம் ஆகும், சேவல் அதற்கு முன்பே கூவ ஆரம்பித்துவிடும். முதல்முறை வாங்கிய 15 குஞ்சில் எனக்குக் கடைசியில் மிஞ்சியது பத்து. அதில் ஆறு சேவல். நாலு மணிக்கெல்லாம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தபோது அடுத்த வீட்டு அண்ணன் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் காம்பவுண்டுச் சுவரோரம் வந்து, "தம்பி, அதுல ஒண்ண கொழம்புக்குக் குடுக்கறதா இருந்தா சொல்லு" என்றார்.